எண்ணியதெல்லாம் நடந்துவிடுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரை)





மனத்தில் ஒரு வீட்டை வரைந்துகொண்டு, அது கிடைத்துவிட்டதாகவே எண்ணியிருந்தால் வீடு தானே தேடி வரும் என்று போதிக்கும் நூல்களும் வகுப்புகளும் இன்று பெருகியுள்ளன. அமெரிக்காவில் நெப்போலியன் ஹில் 1937இலும், நார்மன் வின்சென்ட் பீல் 1952இலும் வெளியிட்ட நூல்கள் இப்போக்கை வளர்த்தன. 2006இல் வெளிவந்த ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' படமும் நூலும் 'ஈர்ப்பு விதி' என்ற பெயரில் இதனை உலகெங்கும் பரப்பின.

நம்மில் சிலர் இதற்கு மார்க்கச் சாயமும் பூசுகின்றனர். அடியான் தன்னைப் பற்றி எண்ணுவதற்கேற்பவே தான் நடந்துகொள்வதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸியை ஆதாரமாகக் காட்டுகின்றனர். அந்த எண்ணம் யாரைப் பற்றியது? அல்லாஹ்வைப் பற்றியது. அவன் மன்னிப்பான், கைவிடமாட்டான் என்னும் நல்லெண்ணம் அது. ஈர்ப்பு விதியோ கொடுப்பவனை மறக்கடித்து, நம் எண்ணத்தையே கொடுப்பதாக ஆக்கிவிடுகிறது. துஆ கேட்பவன் அல்லாஹ்வின் நாட்டத்திற்குப் பணிகிறான். இவனோ பிரபஞ்சத்திற்கு உத்தரவிடுகிறான்!

அன்னை ஹாஜரா (அலை) அவர்களைப் பாருங்கள். வறண்ட மக்காப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையுடன் விடப்பட்டபோது, அது இறைகட்டளை என்றறிந்ததும், அவன் தம்மைக் கைவிடமாட்டான் என உறுதி கொண்டார்கள். ஆயினும், தண்ணீரைக் கற்பனை செய்தபடி அமர்ந்திருக்கவில்லை. ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழுமுறை ஓடினார்கள். ஓடிய இடத்தில் நீர் கிடைக்கவில்லை. குழந்தையின் அருகே ஸம்ஸம் பொங்கியது. முயற்சி அடியாருடையது, அருள் அல்லாஹ்வுடையது. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நாம் செய்யும் 'ஸயீ' இதையே நினைவூட்டுகிறது.

உளவியல் ஆய்வும் இதற்கு இசைவாகவே உள்ளது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களுள் வெற்றி கிட்டும் என்று எதிர்பார்த்தோர் கூடுதலாக எடை குறைந்தனர். இனிய கற்பனையில் திளைத்தோரோ குறைவாகவே குறைந்தனர்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. எண்ணமே அனைத்தையும் ஈர்க்கிறதென்றால், நோயாளி தன் நோயையும் தானே ஈர்த்தான் என்றாகிவிடும். அப்படியானால், நெடுங்காலம் பிணியுற்ற அய்யூப் நபி (அலை) அவர்கள்? யூஸுஃபைப் பிரிந்து அழுது கண்கள் வெளுத்த யஃகூப் நபி (அலை) அவர்கள்? மகன் இப்ராஹீமின் மரணத்தில் கண்ணீர் வடித்த அண்ணலார் (ஸல்) அவர்கள்? இவர்களின் எண்ணத்திலா குறை? நவூதுபில்லாஹ்!

ஆகவே ஜமாஅத்தார்களே, நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும்போது, "நீங்கள் தவறாக எண்ணியதால்தான் இப்படி" என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள்; மருந்துச் செலவில் பங்கெடுங்கள். வியாபாரத்தில் நட்டமடைந்தவரின் மனத்தைக் குறை கூறாமல், கணக்கைச் சரிபார்க்க உதவுங்கள். இயன்றால் வட்டியில்லாக் கடன் கொடுங்கள். வேலை தேடும் இளைஞர்களே, ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், விண்ணப்பியுங்கள், தஹஜ்ஜுதில் கையேந்துங்கள். கேட்டது கிடைக்கத் தாமதமானால், உங்கள் எண்ணத்தைச் சந்தேகித்து வாடாதீர்கள். பொறுமையுடன் மீண்டும் முயலுங்கள்.

அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.