உட்கார ஒரு திண்ணை

அண்ணலின் நினைவு நாளில் இலக்கியம் பேச அழைத்தீர்கள். நாங்கள் நம் ஆண்களின் மனதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லொரென்சோ லூயிஸ் என்பவர் 2016இல் 'கன்ஃபெஸ் புராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மனநல மருத்துவரிடம் போகத் தயங்கும் கறுப்பின ஆண்கள் முடிவெட்டும் கடைக்குத் தவறாமல் போகிறார்கள். அங்கே கத்தரி பிடிப்பவரும் கறுப்பர்தான். அவருக்கே காதுகொடுத்துக் கேட்கவும், தேவைப்பட்டால் மருத்துவ உதவிக்கு வழிகாட்டவும் பயிற்சி கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. நம்மூர் சலூன் நமக்கு எப்போது திறந்தது? உள்ளூரில் தலைவெட்ட மறுக்கப்பட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அந்தத் தொழிலாளியும் ஒடுக்கப்பட்டவர்தான், ஊருக்குப் பயந்தவர்தான். 'மருத்துவர்' என்பது அவர் சமூகத்தின் பெயர். நம்மைத் தொடத்தான் அவருக்கு அனுமதியில்லை.

பெண்களுக்கு மகளிர் குழுவாவது இருக்கிறது. ஆண்களுக்கு டாஸ்மாக். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவரும், ரப்பர் பால்வெட்டுகிறவரும், வளைகுடாவிலிருந்து கடனோடு திரும்பியவரும் அங்கேதான் அழுகிறார்கள். விடிந்தால் அது குடிகாரன் புலம்பல்.

பத்துப் பேர் ஞாயிறு மாலைகளில் படிப்பகத் திண்ணையில் உட்காரத் தொடங்கினோம். இரண்டு விதி. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. புத்திமதி சொல்லக் கூடாது. இரண்டாவதை முதலில் மீறியது சமூகவியல் படித்த நாங்கள்தான். மூன்று வாரம் கிரிக்கெட் பேச்சிலேயே போயிற்று. நான்காவது வாரம் ஓர் அண்ணன் சொன்னார்: "மக்கா, இருவது வருசமா ஒரே கான்ட்ராக்டருட்ட வேல. ஒரு நாளும் எனக்க பேரச் சொல்லி விளிச்சதில்ல." எதைச் சொல்லி விளித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாதவர்கள்தான் சுற்றி இருந்தோம். உறக்கமில்லை என்று அவர் முன்பு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "குடிப்பீரா?" என்ற ஒரே கேள்வியோடு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

மருத்துவம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. டெலி மானஸ் எண் 14416ஐச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். மனநல சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதையும் வாசித்துக் காட்டினோம்.

ஆனால் ஒன்று. அதே 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே 'வெளிவாடா' என்று பெயரிட்டுத் திறந்தவெளியில் தங்கினார்கள். தோழர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். விடுதிக் கதவு மட்டும் திறக்கவில்லை. ஆகவே திண்ணையில் அழுத கையோடு, அந்தக் கான்ட்ராக்டரிடம் நாலு பேராகப் போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டோம். இப்போது கூப்பிடுகிறார், முகத்தைப் பார்க்காமல்.

போன மாதம் இரண்டு பேர் வரவில்லை. வீடு தேடிப் போனோம். ஒருவர் வந்தார். மற்றவர் வீட்டுக்கு இந்த ஞாயிறும் போகிறோம்.