ஆகாயக் கல்வி யாருக்கு?

(ஒட்டன்சத்திரத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



ஆகாயத்தைப் பற்றி ஒட்டன்சத்திரத்தில் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். இதுவரை இங்கு ஆகாயத்தைப் பற்றிப் பேசி வந்தவர்கள் யாரென்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பஞ்சாங்கக்காரரும் ஜோசியருந்தானே! ராகு விழுங்கினான், கேது விழுங்கினான் என்று காசு வாங்கினார்களே தவிர, நாளை மழை வருமா, தக்காளியைப் பறிக்கலாமா என்பதற்கு நம்பத்தக்க விடை சொன்னதுண்டா? அந்த விடைக்கு இன்று உதவுவது மனிதன் செய்து மேலே அனுப்பிய செயற்கைக்கோள். ஆகவே அவ்வேலைக்கு மனிதர்கள் எப்படிப் பழக்கப்படுகிறார்கள் என்பது நம் காரியமேயாகும்.

இவ்வூர்க் காய்கறிச் சந்தையைப் பாருங்கள். இங்குள்ள சரக்கு கேரளத்துக் குழம்பில் வேக வேண்டுமானால், பயிரிட்டவன், எடை போடுகிறவன், கமிஷன் கடைக்காரர், சுமை தூக்குகிறவன், லாரி ஓட்டுகிறவன் இவ்வளவு பேருக்கும் ஒருவர் கணக்கு மற்றவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் சரக்கு அழுகும்.

1999-ம் வருஷம் அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு கலம் இப்படித்தான் நாசமாயிற்று. ஒரு சாரார் ராத்தல் கணக்கில் கொடுத்த விசையை மற்றொரு சாரார் நியூட்டன் கணக்கென்று எடுத்துக் கொண்டார்கள். ஒரு ராத்தல் விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். இதற்குக் காரணம் செவ்வாய் தோஷமல்ல. ஒருவர் கணக்கை மற்றவர் விசாரியாததே காரணம்.

மற்றொரு விஷயம். 1978-ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 என்னும் செயற்கைக்கோள் தன் அணு உலையோடு கானடாவில் விழுந்தது. சிதறியதைத் தேடிப் பொறுக்க விஞ்ஞானி வேண்டியிருந்தது. நஷ்டம் கேட்கச் சட்டம் அறிந்தவர் வேண்டியிருந்தது. 1972-ம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையைக் காட்டிக் கேட்டு, 1981-ல் 30 லட்சம் கானடா டாலர் பெற்றார்கள். எஞ்சினீயர் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதை உணர்ந்துதான் 1987-ல் அமெரிக்காவில் சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த வருஷம் அதன் முதல் வகுப்பில் 21 தேசத்து மாணவர்கள் 104 பேர், வைத்தியம், சட்டம், வியாபாரம், எஞ்சினீயரிங் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்ப் படித்தார்கள். பின்னர் அது பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நிலைபெற்றது.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். 1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவில் முதல் ராக்கெட் ஏறிற்று. ராக்கெட் அமெரிக்காவினுடையது, உள்ளிருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது, கூட நின்ற நம்மவர்கள் நாசாவிடம் பயிற்சி பெற்று வந்தவர்கள். அவர்கள் வேலை செய்ய அங்கிருந்த மாதா கோவிலையே விட்டுக் கொடுத்தார்கள். நம் தர்மகர்த்தாக்களில் எத்தனை பேர் ஒரு மண்டபத்தையாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள்?

1995-ல் டேராடூனில் ஐக்கிய நாடுகள் சங்கத்தின் தொடர்போடு ஆசிய பசிபிக் தேசங்களுக்கான விண்வெளிக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 2019 ஜனவரியில் பெங்களூரில் 'உன்னதி' என்ற பயிற்சி துவங்கியது. 17 தேசத்தார் 8 வாரம் கூடியிருந்து, சிறு செயற்கைக்கோளைச் செய்து பூட்டும் வித்தையைக் கற்றார்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்ற நாட்டிலா இது என்று வியக்கிறோம்! போகட்டும், அந்த ஜாதி போகவே போகட்டும்!

ஆனால் தோழர்களே! அந்த வகுப்பில் நம் பிள்ளை உட்காருமா என்பதே கேள்வி. இன்ன தொழில் இன்ன குலத்துக்கு என்று பிரித்த புத்தி, இன்ன படிப்பு இன்னாருக்கு என்றும் பிரிக்கிறது. 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரனில் இறங்கிய சந்திரயான் 3-ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். டிப்ளமாவில் தொடங்கி மேலே போனவர். அவருக்கு முடிந்தது நம் வேடசந்தூர், பழனிப் பிள்ளைகளுக்கு ஏன் முடியாது?

ஆகையால் பிள்ளை பிறந்ததும் ஜாதகம் எழுதக் கொடுக்கும் பணத்தில் புஸ்தகம் வாங்குங்கள். பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள். சட்டம் படிக்கிறவளுக்கும், வைத்தியம் படிக்கிறவனுக்கும், விவசாயம் படிக்கிறவனுக்கும் அங்கே வேலை உண்டென்று வீட்டில் சொல்லுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாரும் சோதனைச் சாலையும் இருக்கின்றனவா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். இல்லையென்றால், வரும் வரையில் விடாதீர்கள்.