பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலியா?



பித்தப்பைக் கல்லுக்குத் துளை போட்டு ஆபரேஷன் செய்துகொண்ட தாய்மார்கள், "வயித்துலதானே ஆபரேஷன், தோள்பட்டை ஏன் ஐயா குத்துது?" என்று கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்துவார்கள். அதனால் உதரவிதானம் உறுத்தப்பட்டு, வலி தோளில் தெரியும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். தையல் போட்ட இடம் கொஞ்சம் வீங்கிக் கன்றியிருப்பதும் சகஜம்தான்.

"மாத்திரை சூடு" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்தே கிடக்காதீர்கள். வலி இருந்தால் மூச்சை நன்றாக இழுக்க முடியாது. நெஞ்சில் சளி கட்டும். டாக்டர் எழுதிய பாரசிட்டமாலை வேளை தவறாமல் சாப்பிட்டு, மெல்ல எழுந்து நடங்கள். அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். டைக்ளோபினாக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகே போடணும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். காயத்தில் சாம்பல், மஞ்சள், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள்.

கணவன்மார்களே! டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் உங்கள் பொறுப்பு.

வலி நாளுக்கு நாள் குறையணும். கூடினாலோ, காய்ச்சல், ஓயாத வாந்தி, கண் மஞ்சள், காயத்தில் சீழ் கண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.