கடைவீதியும் நம் கலைக்குழுவும்
(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. அதைப் பேசப் பலர் இருக்கின்றனர். கற்ற பின் கைக்கொள்ளத்தக்க தொழில் ஒன்றைப் பற்றிப் பேச நாம் விரும்புகிறோம். குழந்தைகளின் பிறந்த நாள், காதணி விழா போன்ற நிகழ்ச்சிகளில் ஆடல், பாடல், வேடிக்கை, விளையாட்டு நடத்தித் தரும் தொழில் அது. அத்தொழிலை நம் வட்டாரக் கடைகளின் வழியே மக்களிடம் கொண்டு சேர்க்கும் முறையே இவ்வுரையின் பொருள்.

"பலூன் ஊதுவதற்காகவா நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்?" என்று பெரியோர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பட்டம் பெற்றவர் அரசுப் பணிக்கும் தொழிற்சாலைப் பணிக்கும் செல்லட்டும்; அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் எல்லார்க்கும் அப்பணிகள் கிட்டுவதில்லை. கிட்டாதவர் வீட்டில் முடங்கிக் கிடப்பதும், பிறர் பந்தலில் நாற்காலி சுமப்பதும் மட்டுமே வழிகளா என்பதே நம் கேள்வி.

மாறிவரும் வட்டாரம்

நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் வந்து நிறையும் பாரூர் ஏரியின் பாசனத்தில் நம் முன்னோர் நாற்று நட்டனர், களை பறித்தனர், கதிர் அறுத்தனர். விளைந்த நிலத்தில் நமக்குரிய பங்கு மிகச் சிறிது. அடுத்த தலைமுறை ஓசூருக்குப் பேருந்து ஏறியது. 1971-இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர், ஓசூரில் இருசக்கர வண்டியும் சரக்குந்தும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 2021-இல் போச்சம்பள்ளிப் பக்கமே மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலை ஒன்று வந்தது. மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் பெருகின.

இக்குடும்பங்களில் பிள்ளைகள் ஒருவரோ இருவரோதான். முன்பு மொட்டையடித்துக் காது குத்துவதே குழந்தைக்குரிய பெருவிழாவாக இருந்தது. இப்பொழுது முதல் பிறந்த நாளுக்கே மண்டபம் பிடிக்கின்றனர். கேக் வெட்டுதல், பலூன் தோரணம், மாயவித்தை, முகத்தில் வண்ணம் தீட்டுதல், கோமாளி வேடம் என்று நிகழ்ச்சி விரிகிறது. இவற்றை நடத்தித் தரும் குழுக்கள் பெரும்பாலும் நகரத்திலிருந்து வருகின்றன. அதே பந்தலில் நம் இளைஞர் மேசை தூக்குகின்றனர். எச்சில் இலை எடுக்கின்றனர். விழா நம் ஊரில் நடக்கிறது. வருவாய் வெளியூருக்குப் போகிறது.

நம்மிடமுள்ள மூலதனம்

இத்தொழிலுக்கு வேண்டிய மூலதனம் பணம் மட்டுமன்று. தெருக்கூத்து வழங்கும் மண் இது. கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை என்ன? அவையைச் சிரிக்க வைப்பான், கதையை இணைப்பான், அழும் குழந்தையும் வாய்மூடிப் பார்க்கும்படி செய்வான். அக்கலையறிந்த இளைஞன் குழந்தைகள் விழாவை நடத்தத் தனியே பள்ளிக்குச் செல்ல வேண்டியதில்லை.

மொழியும் நம் மூலதனமே. நம்மவருள் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். எல்லை தாண்டினால் கன்னட நாடு. ஓசூர் ஆலைகளுக்கு வடமாநிலத்தார் வந்து குடியேறியிருக்கின்றனர். ஒரே விழாவில் நான்கு மொழிக் குழந்தைகள் அமர்ந்திருப்பர். மூன்று மொழிகளில் விடுகதை போடவல்ல குழு இவ்வெல்லைப் பகுதியில் பிழைத்துக்கொள்ளும்.

பறையைப் பற்றி இங்கே தெளிவாகப் பேசியாக வேண்டும். பறையடித்தல் நம்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. அழைத்தபோது போக வேண்டும். கொடுத்ததை வாங்க வேண்டும். மறுத்தால் அடி விழும். அதனாலேயே நம் இயக்கத்தினர் பலர் பறையைக் கீழே வைத்தனர். அம்மறுப்பு மானத்தின் செயல். பின்னர் வேறொரு தலைமுறை அதே பறையை உரிமைக் குரலாக எடுத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட பறையை அடித்து மேடையேறினர். மதுரை வட்டாரப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நாம் கோடு ஒன்று கிழிக்க வேண்டும். ஊழியத்துக்கும் தொழிலுக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. ஏற்கவும் மறுக்கவும் உள்ள உரிமையில் இருக்கிறது. விலையை நாம் சொல்லி, நாளை நாம் ஒப்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகள் நடுவே பறையடித்து ஆடினால் அது தொழில். "உன் அப்பன் அடித்தான், நீயும் வந்து அடி" என்று அழைத்தால் அது ஊழியம். முன்னதை ஏற்போம், பின்னதற்கு எவ்வளவு கூலி தந்தாலும் செல்லோம். பறையை எடுக்கவே விரும்பாத இளைஞரை எவரும் வற்புறுத்தவும் கூடாது.

கடைகளே நம் தூதுவர்

புதிய தொழிலுக்கு விளம்பரம் வேண்டும். கைப்பேசியில் விளம்பரம் செய்யலாம், செய்க. ஆயினும் நம் வட்டாரத்தில் ஒரு விழாவைத் திட்டமிடும் தாய் முதலில் செல்வது கடைக்கே. அவர் நம்புவது கடைக்காரர் சொல்லையே. ஆகவே எந்தக் கடைக்கு, எந்த நேரத்தில், எந்த விழாச் செய்தி வருகிறதென்று முதலில் அறிய வேண்டும்.

காதணி விழாவின் செய்தி முதலில் அச்சகத்துக்கு வருகிறது. அழைப்பிதழ் அச்சிடுவோர் சில வாரங்கள் முன்னதாகவே வருவர். அப்பொழுது அவர்கள் செலவுக் கணக்கை முடித்திருக்க மாட்டார்கள். அடுத்துச் செய்தி பெறுவோர் மண்டப மேலாளர், பந்தல் மற்றும் பாத்திர வாடகைக் கடைக்காரர், சமையல் ஒப்பந்தக்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர். பிறந்த நாளின் செய்தியோ பேக்கரிக்கு வருகிறது. ஆனால் ஓரிரு நாள் முன்னதாகவே வருகிறது. எனவே பேக்கரிக்காரரிடம் வைக்கும் அட்டையில், குறுகிய நேரத்தில் நடத்தக்கூடிய ஒரு மணி நேரச் சிறு நிகழ்ச்சியைக் குறிக்க வேண்டும். அச்சகத்தில் வைக்கும் அட்டையில் முழு நிகழ்ச்சியைக் குறிக்கலாம். எல்லாக் கடைக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வருவது வீண் வேலை.

கடைக்காரருக்கு இதில் என்ன பயன் என்பதை நாமே எண்ணிச் சொல்ல வேண்டும். அவர் அனுப்பும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கழிவு உண்டு என்று எழுதிக் கொடுப்போம். நிகழ்ச்சி முடிந்த மறுநாளே, கேட்பதற்கு முன், அதைக் கொண்டு சேர்ப்போம். அவர் வீட்டுக் குழந்தையின் பிறந்த நாளுக்கு ஒருமுறை கட்டணமின்றி நடத்திக் காட்டுவோம். போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் பெருஞ்சந்தைக்குச் சுற்றுக் கிராமங்களெல்லாம் வருகின்றன. அங்கே ஏதேனும் ஒரு கடை முன்பு, உரிமையாளர் இசைவுடன், அரைமணி நேரம் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டினால் கடைக்குக் கூட்டம் சேரும். நமக்குப் பெயர் சேரும். இருவர்க்கும் ஆதாயமுள்ள உறவே நிலைக்கும்.

நடுவே நிற்கும் சுவர்

இவ்வளவும் எளிதுபோலத் தோன்றும். சாதி என்னும் சுவரை மறந்து பேசினால் இளைஞரை ஏமாற்றியவர்களாவோம்.

டாக்டர் அம்பேத்கர் 1917-இல் இலண்டனிலிருந்து திரும்பிய பின், பங்கு வணிகம் செய்வோர்க்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைப் பம்பாயில் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாத வகுப்பினர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவை நிறுத்தினர். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் கற்ற பேரறிஞர்க்கே அந்நிலை. பிறர் குழந்தையின் கன்னத்தில் வண்ணம் தீட்டப் புறப்படும் நம் இளைஞரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்பவர் இருக்கவே செய்வர்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் எவர்க்கும் உரிமையுண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய ஊழியத்தைக் குற்றமாக்கியது. ஆனால் கடைக்குள் நுழையும் உரிமையைத்தான் சட்டம் தர முடியும்; கடைக்காரர் நம் அட்டையை எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டும்படி அது செய்யாது. அந்நம்பிக்கையை நாமே ஈட்ட வேண்டும்.

இங்கே இளைஞரிடையே இரு கருத்துகள் உள்ளன. முகவரியை மறைத்து, நகரப் பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு தொழில் செய்வோம். வருவாய் வந்தால் போதும் என்பது ஒன்று. நம் அடையாளத்தைப் பலகையிலேயே எழுதுவோம் என்பது மற்றொன்று. குழுவின் பெயர் குழந்தைகளுக்குப் பிடித்த பெயராக இருக்கட்டும். சாதியை அதில் எழுத வேண்டிய தேவையில்லை. எந்த வணிகரும் தம் சாதிச் சான்றிதழைக் கல்லாவில் மாட்டுவதில்லை. ஆனால் முகவரியை மறைக்கலாகாது. கேட்டால் பொய் சொல்லலாகாது. மறைத்தவன் ஒவ்வொரு விழாவிலும் அஞ்சி நிற்பான். அச்சத்தோடு நிற்பவனால் குழந்தையைச் சிரிக்க வைக்க இயலாது. அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்னும் சொல் நீக்கப்படுமென்று 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சொல் போவது நன்று. அச்சொல்லுக்குப் பின்னுள்ள கூச்சம் நம் மனத்திலிருந்தும் போக வேண்டும்.

சில வாடிக்கையாளரை இதனால் இழப்போம். இழப்போமாக. எஞ்சியோர் நம்மை அறிந்தே அழைத்தோர் ஆவர். அவர்களிடமும் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வைப்போம்: விழாவில் மற்றவர்க்கு எந்தப் பந்தியோ அதே பந்தி, மற்றவர்க்கு எந்தக் குவளையோ அதே குவளை, பெயர் சொல்லி அழைப்பதன்றி ஒருமையில் ஏசுதல் கூடாது. இவை மீறப்பட்டால் கருவிகளைக் கட்டிக்கொண்டு குழு வெளியேறும்.

கணக்கும் பொது நிதியும்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நிகழ்ச்சிக் கட்டணம் ரூ. 5,000 என்று கொள்வோம். கடைக்காரர் கழிவு ரூ. 500, வண்டிச் செலவு ரூ. 300; பலூன், வண்ணம், பரிசுப் பொருள் ரூ. 700. எஞ்சுவது ரூ. 3,500. ஐவர் கொண்ட குழுவில் ஆளுக்கு ரூ. 600 பிரித்தால் ரூ. 3,000. மீதி ரூ. 500 பொது நிதிக்கு.

அந்த ஐந்நூறே உயிர்நாடி. கோவில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தினர், வணிகத்தில் ஒரு பகுதியை மகமையாக எடுத்தும், வீடுதோறும் பிடியரிசி திரட்டியும் பள்ளிகளை வளர்த்தனர். காமராசர் பயின்ற விருதுநகர்ப் பள்ளி அவ்வாறு வளர்ந்ததே. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து ஊரையே மாற்றினர். அவர்களிடம் கடைவீதி இருந்தது, நம்மிடம் இல்லை. அதனாலேயே நமக்குப் பொது நிதி இன்னும் இன்றியமையாதது.

அரசு வழங்கும் உதவிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் நம்மவர் தொழிலுக்குக் கடனும் மானியமும் பெற வழிசெய்கிறது. 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. உதயம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தரகரிடம் பணம் தந்து ஏமாற வேண்டாம். ஆனால் தொடக்கத்திலேயே பெருங்கடன் வாங்கி ஒலிபெருக்கியும் வண்டியும் சேர்க்க வேண்டாம். முதல் சில நிகழ்ச்சிகளை வாடகைக் கருவிகளால் நடத்துக. வரவு செலவைப் பேரேட்டில் அன்றன்றே எழுதுக. கணக்கெழுதும் பொறுப்பை நம் சகோதரிகளுள் ஒருவரிடம் தருக.

குழந்தையே முதன்மை

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மிடம் ஒப்படைக்கப்படுவது பிறர் குழந்தைகள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்து உயிரைப் பறிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் பொறுக்க வேண்டும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைப் பலூனில் நிரப்பவே கூடாது. மெழுகுவத்தியருகே பலூன் தோரணம் வேண்டா. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது. மது அருந்தியவர் எவராயினும் அன்று குழுவில் இடமில்லை. ஒருமுறை கெட்ட பெயர் வந்தால், பிற குழுவுக்கு அது அக்குழுவின் குற்றமாகப் போகும். நமக்கோ அது சமூகத்தின் குற்றமாகச் சொல்லப்படும். இது நியாயமன்று, ஆயினும் இன்றைய நடைமுறை இதுவே.

இளைஞர்களே, முதல் நிகழ்ச்சியை எங்கே நடத்துவது என்று கேட்கலாம். நம் மாலைப் படிப்பகத்தில் நடத்துக. பிறந்த நாளே அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கின்றனர். பள்ளிச் சேர்க்கைக்காக எவரோ எழுதிய தேதியே அவர்களுடைய பிறந்த நாள். மாதந்தோறும் ஒரு மாலையில், அம்மாதத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் சேர்த்து ஒரு விழா எடுங்கள். அங்கே உங்கள் விளையாட்டும் வேடிக்கையும் தேறட்டும். நம் பிள்ளைகள் சிரித்துத் தேர்ச்சி தந்த பிறகு கடைவீதிக்கு அட்டையோடு புறப்படுங்கள்.

பெயர் தர முன்வருவோர் இக்கூட்டம் முடிந்ததும் கழகச் செயலரிடம் பதிவு செய்க. ஐவர் சேர்ந்தாலும் அடுத்த ஞாயிறு சந்தைக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம்.