எலும்பு ரசத்தின் வலிமையும் வரம்பும்

தீபாவளி போன்ற நன்னாட்களில் அயலவர் சிலர் ஒன்றுகூடி, ஓர் ஆட்டை வாங்கி இறைச்சியைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வடபுலத்துக் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. வவுனிக்குளத்து நீரால் வயல் விளையும் துணுக்காய்ப் பகுதியிலும் ஆடும் கோழியும் வீட்டுச் செல்வங்களே. பங்கு போடும்போது தசையோடு எலும்பும் சேர்த்தே வைக்கப்படும். எலும்பு வந்ததென்று இல்லத்தரசி முகஞ்சுளிப்பதில்லை. மறுநாள் அது ரசமாகும் என்பதை அவள் அறிவாள்.

அதனை ஆக்கும் முறை எளியது. கறிக்கு எடுத்ததுபோக எஞ்சிய எலும்புகளைக் கழுவி, பெரியவற்றை உடைத்து, ஒரு கிலோ எலும்புக்கு இரண்டரை லீற்றர் அளவில் குளிர்ந்த நீர் வார்த்து அடுப்பில் ஏற்றவேண்டும். கொதி வந்ததும் மேலெழும் நுரையை அகற்றி, தீயைத் தணித்துவிடவேண்டும். ஆட்டெலும்புக்கு மூன்று மணித்தியாலம், கோழியெலும்புக்கு அதிற் பாதி போதும். சோறு வடித்தபின் அடுப்பில் எஞ்சும் தணலே இதற்குப் பெரிதும் உதவும். மிளகு, மல்லி, நற்சீரகம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, உப்பும் சிறிது பழப்புளியும் கரைத்துவிட்டு, கறிவேப்பிலையுடன் இறக்கலாம். முன்னாள் சமைத்து எஞ்சிய இறைச்சித் துண்டுகள் பழுதாகாமல் இருப்பின், அவற்றைப் பிய்த்துச் சேர்த்து நன்கு கொதிக்கவிடலாம். ஒருவர் கடித்துப்போட்ட எலும்பைச் சேர்த்தல் ஆகாது.

இவ்வாறு மெல்லக் காய்ச்சும்போது எலும்பிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் உருகி ஜெலற்றினாக நீரில் இறங்குகின்றது. ஆறியபின் ரசம் கட்டியாக உறைவது இதனாலேயே. நாவுக்குச் சுவையும், சளி பிடித்தவனுக்கு இதமும், வியர்த்துக் களைத்தவனுக்கு நீரும் உப்பும் அதனால் கிடைக்கின்றன.

ஆயினும், "இறைச்சியின் சத்தெல்லாம் ரசத்தில் இறங்கிவிட்டது; நோயாளிக்கு ரசமே போதும்" என்று கருதுவோர் இன்றும் பலர். இந்த எண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பாரிஸ் நகரத்து மருத்துவமனைகளில் ஏழை நோயாளர்க்கு இறைச்சிக்குப் பதிலாக எலும்பு ஜெலற்றின் சூப் வழங்கப்பட்டது. அது உண்மையில் உணவாகுமா என ஆராய அறிவியற் கழகம் ஒரு குழுவை அமைத்தது. மஜான்டி என்னும் உடலியல் அறிஞர் தலைமையிலான அக்குழு, ஜெலற்றினை மட்டும் உண்ட நாய்கள் உயிர்வாழ இயலவில்லை என 1841 ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன் காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று: உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் ஜெலற்றினில் அறவே இல்லை. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தாவது நிறைய இறங்குமோ எனின், அதுவும் இல்லை. 1934 இல் மக்கான்ஸ் முதலிய ஆங்கில ஆய்வாளர் எலும்பு ரசத்தைச் சோதித்து, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலில் உள்ளதைவிட மிகக் குறைவு எனக் கண்டனர்.

ஆகவே, ரசத்தை வடித்துப் பிள்ளை பெற்ற தாய்க்கும் நோயில் கிடந்த குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, இறைச்சியை ஏனையோர் உண்பது அன்பினாற் செய்யும் அநீதியாகவே முடியும். வளரவும் தேறவும் வேண்டியவருக்கே தசை முதலில் உரியது. எலும்பை ஒட்டிய இறைச்சியைக் கிள்ளி ரசத்திலேயே இட்டு, ஒரு பிடி பருப்பும் முருங்கையிலையும் சேர்த்து அவித்து, சோற்றோடு பிசைந்து கொடுத்தால் அது முழு உணவாகும்.

இன்னுமொன்று: வன்னியின் வெப்பத்தில் ரசம் விரைவிற் கெடும். கொதியிலும் சாகாத சில நுண்ணுயிர் விதைகள், பெரிய பானையில் இளஞ்சூட்டோடு கிடக்கும் ரசத்திலே முளைத்துப் பெருகும். ஆதலால் அன்றன்றே குடித்து முடித்தல் நன்று. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர் சிறு பாத்திரங்களில் ஊற்றி, இரண்டு மணித்தியாலத்துள் ஆற்றி வைத்து, மறுநாள் கொதிக்கக் காய்ச்சியே பருகவேண்டும்.

எலும்பையும் வீணாக்காத சிக்கனம் நம் மூதாதையர் தந்த நல்ல பழக்கம். அந்தச் சிக்கனத்தின் பெயரால் நோயாளியின் கிண்ணம் வெறும் நீராகிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றைய இல்லத்தாரின் கடமையாகும்.