தராசைப் பார்த்து வாங்குங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கினால், வெள்ளி விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேரும். திருப்பி விற்கும்போது அந்தக் கூலி வருமா? வராது. காலுக்கு அழகு, சரி. முதலீட்டுக்கு?

அதற்குத்தான் ஈடிஎஃப், அதாவது சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய ஃபண்டு. 2002 ஜனவரியில் சந்தைக்கு வந்த 'நிஃப்டி பீஸ்' நம் நாட்டின் முதல் ஈடிஎஃப். அதில் ஒரு யூனிட் வாங்கினால் நிஃப்டி குறியீட்டிலுள்ள 50 பெரிய கம்பெனிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் நமக்கு. 2022 ஜனவரியில் வெள்ளி ஈடிஎஃப்பும் வந்துவிட்டது. டீமேட் கணக்கும் டிரேடிங் கணக்கும் இருந்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆண்டுச் செலவு குறைவா, குறியீட்டை ஒட்டியே போகிறதா, தினமும் நிறைய கைமாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாமக்கல் முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) ஒரு விலை சொல்கிறது. தெருமுனைக் கடையில் வேறு விலை. ஈடிஎஃப்பிலும் உள்ளிருக்கும் சரக்கின் மதிப்பு ஒன்று, சந்தை விலை ஒன்று. 2025 அக்டோபரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஈடிஎஃப் விலை அந்த மதிப்பைத் தாண்டி ஓடியது. சில ஃபண்டு நிறுவனங்கள் வெள்ளித் திட்டங்களில் ஒரே தவணையில் மொத்தத் தொகை வாங்குவதையே நிறுத்திவைத்தன. அப்போது அவசரப்பட்டு வாங்கியவருக்கு, வெள்ளி விலை இறங்காவிட்டாலும் அந்த இடைவெளி சுருங்கினாலே நட்டம்.

உள்ளிருக்கும் சரக்கின் அந்த மதிப்புக்கு 'ஐநேவ்' என்று பெயர். ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். தராசு முள்ளைப் பார்க்காமல் கொலுசு வாங்குவோமா? இதுவும் அப்படித்தான்.