குழாய் போகும் நிலமும் ஒரு மாணவனின் கேள்வியும்
(மீஞ்சூரில், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களிடையே பேசியது)



சென்ற ஆண்டு பிளஸ் டூ மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எண்ணெய் கம்பெனிக்கு நிலம் பேசி முடிக்கிறாங்களே, அதுக்கு என்ன படிக்கணும்?" பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன். எண்ணூரில் 2019இல் இந்தியன் ஆயிலின் திரவ எரிவாயு முனையம் வந்தபின், குழாய் பதிப்பது நம் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த செய்திதான்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'லேண்ட்மேன்' என்று பெயர். அங்கே நிலத்தடி எண்ணெய் தனியாருக்கும் சொந்தமாக இருக்கலாம். பழைய பத்திரங்களைத் தேடி, உரியவரைக் கண்டுபிடித்து, குத்தகை பேசுவார்கள். நம் நாட்டில் எண்ணெய் அரசுடையது. ஆனாலும் குழாய் வயல் வழியாகத்தானே போக வேண்டும்? அதற்கென 1962ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படும். அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம். இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி. அதன்பிறகு அந்த இடத்தில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட உழவர்கள் கெயில் குழாயை எதிர்த்தது சும்மா இல்லை.

படிப்பு என்று கேட்டால், ஐ.டி.ஐ. சர்வேயர், சிவில் டிப்ளமோ, சட்டம் எல்லாமே வழிதான். டி.என்.பி.எஸ்.சி. எழுதி நில அளவராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ போனால் அரசுப் பக்கம் இதே காகிதங்கள்தாம்: பட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று.

எனக்குத் தயக்கம் இருந்தது. நாளை இவன் சொந்த ஊர்க்காரர் முன்னால் கம்பெனி ஃபைலோடு உட்கார நேரலாமே! இருந்தும், காகிதம் படிக்கத் தெரிந்தவன் ஊருக்கு ஒருவன் வேண்டும் என்று பட்டது. எங்கள் வீட்டுப் பட்டா நகலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். (நானே அதை முழுதாகப் படித்தது அன்றுதான்.)

பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "எங்க பாடு இதுல எங்க சார் இருக்கு?"

ஏரியில் சுத்துவலை கட்டும் இடத்தையும் முறையையும் அங்கே பாடு என்பார்கள். ஊர் கூடி முறை வைப்பது; சர்வே எண் கிடையாது. எந்தப் பட்டாவிலும் அது இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அப்பாவிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். புலப்படம் மாதிரியே ஏரியை வரைந்து, எந்த இடம், யார் முறை என்று குறித்து வந்தான். அந்த நோட்டு என் பையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பாருங்கள்.